செல்ஃப் எடுக்காத பழைய கார்: பேட்டரிக் கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

இராமநாதபுரம் கடற்கரையில் பழைய கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் தேவைக்கு மேல் பேட்டரி வாங்கியவராக இருப்பார். காலையில் செல்ஃப் எடுக்காது. பக்கத்து வீட்டுப் பையன்கள் தள்ளிவிடுவார்கள். வண்டி நேரே பேட்டரிக் கடைக்குப் போகும். புது பேட்டரி வைக்கும்போது கடைக்காரர் பேட்டரியைக் கவ்வும் கேபிள் கிளாம்பைக் கழற்றி, உள்ளே சுரண்டி, இறுக்கி மாட்டுவார். வண்டி ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். காப்பாற்றியது புது பேட்டரியா, அந்தச் சுரண்டலா என்று யாரும் கேட்பதில்லை. சில மாதம் கழித்து மறுபடியும் தள்ளல்.

பேட்டரி கெடுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இணைப்புகளை. அதிலும் எர்த் பக்கத்து இணைப்புகளை, அதாவது பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகிறவற்றை.

காரணம் காற்றுதான். வாடை அடித்தால் பாக் நீரிணைப் பக்கமிருந்து உப்பு வரும், கச்சான் அடித்தால் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து வரும். மண்டபத்திலும் இராமேஸ்வரம் தீவிலும் இரண்டு பக்கமும் கடல். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. உப்புப் படலத்துக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், மழையே இல்லாமல் அது தானாக நீரை இழுத்து நனைந்துவிடும். இங்கே ராத்திரியில் அந்த அளவை எட்டுவது சாதாரணம். அதனால் ஷெட்டுக்குள் மூடி வைத்த அம்பாசிடரின் டெர்மினல்கூட விடியும்வரை உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கும்.

கீழே சொல்வது அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மஹிந்திரா ஜீப், பழைய மாருதி 800 போன்ற வண்டிகளுக்கு. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளுக்கு இதை அப்படியே செய்யாதீர்கள்.

கை வைக்கும் முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்த டெஸ்ட் லேம்ப், ஒரு தடித்த ஜம்ப் கேபிள், ஸ்பானர், உப்புத்தாள், கம்பி பிரஷ், சமையல் சோடா. இவ்வளவு போதும். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றி வையுங்கள். மோதிரம் ஸ்பானருக்கும் பாடிக்கும் நடுவே மாட்டினால் நொடியில் பழுக்கும், விரலோடு. பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும்; பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

கழற்றும்போது எர்த் கேபிளை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். எர்த் என்றால் நெகட்டிவ் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளாதீர்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த மோரிஸ், ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் பிடித்திருக்கும். பேட்டரியின் மேல் நீட்டியிருக்கும் இரண்டு ஈயத் தூண்களில் எதிலிருந்து போகும் கேபிள் நேராகப் பாடியிலோ எஞ்சினிலோ போல்ட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் எர்த். இது தெரியாமல் பேட்டரியைத் திருப்பி மாட்டியும், நெகட்டிவ் எர்த் ரேடியோவைப் பொருத்தியும் வயரிங்கை எரித்தவர்கள் உண்டு.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் நாப் இருக்கும் வண்டி என்றால் அதை இழுங்கள். லைட் என்ன செய்கிறது என்பதில் பாதி விடை இருக்கிறது.

லைட்டே வரவில்லை என்றால் பேட்டரி முழுக்க இறங்கியிருக்கிறது, அல்லது கிளாம்ப் விட்டுப்போயிருக்கிறது. லைட் பளிச்சென்று எரிந்து, சாவியைத் திருப்பியதும் பொசுக்கென்று அணைந்துவிட்டால் அது கிளாம்பின் வேலை. ஹெட்லைட்டுக்கு எட்டுப் பத்து ஆம்பியர் போதும். அதை ஒரு மோசமான இணைப்பும் கடத்திவிடும். செல்ஃப் மோட்டார் 150, 200 ஆம்பியர் கேட்கும். அங்கேதான் இணைப்பு கைவிடும். அணைந்த லைட் சற்று நேரம் கழித்து மெல்ல மீண்டும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசையவே கூடாது. இங்கே அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. மாருதிக்கு வரும் மெலிந்த தூண் பேட்டரியை அம்பாசிடரின் பெரிய கிளாம்பில் வைத்து, இடைவெளியில் ஒரு ஸ்க்ரூவையோ தகரத் துண்டையோ அடித்து இறக்கியிருப்பார்கள். ஊருக்குப் போய்ச் சேரும்வரை அது சரி. ஆனால் ஈயத் தூணும் இரும்பு ஸ்க்ரூவும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் நடுவே அரிப்பு தொடங்கிவிடும். அந்தப் பேட்டரிக்கு ஏற்ற கிளாம்பை வாங்குங்கள். பெரிய செலவு இல்லை. இன்னொன்று: ஒரே பேட்டரியில் பாசிட்டிவ் தூண் நெகட்டிவைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். கிளாம்பை மாற்றிப் போட்டால் ஒன்று ஏறாது, மற்றது ஆடும்.

லைட் கொஞ்சமும் மங்காமல் எரிந்துகொண்டே இருக்க, சத்தமும் இல்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்ட் போகவே இல்லை. சாவி ஸ்விட்ச், அங்கிருந்து சோலினாய்டுக்கு (செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்) போகும் மெல்லிய ஒயர், அதன் முனை ஆகியவற்றை டெஸ்ட் லேம்பால் பாருங்கள். பழைய லூகாஸ் சோலினாய்டுகள் சிலவற்றில் ரப்பர் மூடிய பொத்தான் ஒன்று இருக்கும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, அதை விரலால் அழுத்துங்கள். செல்ஃப் சுற்றினால் பழுது சாவிப் பக்கம்.

‘டக் டக் டக்’ என்று அடிக்கிறது

சோலினாய்டு பிடிக்கிறது, வோல்ட் சரிகிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது கேபிளில் எங்கோ வோல்ட் தங்கிவிடுகிறது. எது என்று அடுத்த பகுதியில் அளந்து பார்க்கலாம்.

ஒரே ஒரு ‘டக்’, அதோடு லைட் நன்றாக மங்கினால் செல்ஃபின் பல்சக்கரம் ஃப்ளைவீலில் சிக்கியிருக்கலாம். பழைய அம்பாசிடரில் இது உண்டு. இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும். ஒரு ‘டக்’, லைட் மங்கவில்லை என்றால் சோலினாய்டுக்கு உள்ளே இருக்கும் செப்புத் தொடுமுனை கருகியிருக்கும்.

சுற்றுகிறது, ஆனால் சோம்பலாக

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், பேட்டரிக்கு அநியாயமாகத் தீர்ப்பு எழுதப்படுவது இங்கேதான்.

முதலில் பேட்டரியையே பார்ப்போம். வண்டி ஓடி நிறுத்திச் சில மணி நேரம் ஆன பிறகு இரண்டு தூண்களுக்கும் நடுவே அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ். 12க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றாமல் வேறு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள், எல்லாம் தப்பாகக் காட்டும். மூடி திறக்கும் பேட்டரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நம்பகமானது. முழு சார்ஜில் 1.250க்கு மேல் நிற்கும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக இருந்தால் அந்த அறை போய்விட்டது. அப்போது தாராளமாகக் கடைக்குப் போகலாம்.

பேட்டரி நன்றாக இருக்கிறதா? சரி, இப்போது கேபிள். இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் பற்றிக்கொள்ளாது. டீசல் என்றால் ஸ்டாப் நாபை இழுத்தே வைத்திருங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் மீட்டரைப் பிடியுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். செல்ஃப் மோட்டார் ஆறட்டும்.

முதல் அளவு பேட்டரித் தூணுக்கும் தூணுக்கும் நடுவே. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகாமல் இருந்தால் பேட்டரி தேறியது. அடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் தூணின் தலையில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, தூணில். மறு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் காட்டுவது எர்த் பாதையில் வீணாகும் வோல்ட். 0.3க்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் காட்டினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். அதே மாதிரி மற்றத் தூணிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை அளந்தால், சோலினாய்டையும் சேர்த்து 0.5க்குள் இருக்க வேண்டும்.

பிறகு வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து அளக்கலாம்: தூணுக்கும் கிளாம்புக்கும், கிளாம்புக்கும் லக்குக்கும் (கேபிள் முனையில் போல்ட் போடும் வளையம்), லக்குக்கும் பாடிக்கும், பாடிக்கும் எஞ்சினுக்கும். ஓர் இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் நின்றால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதைச் செய்யாமல் மீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்துக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் எலெக்ட்ரீசியன்களை நம்பாதீர்கள். ஐம்பது இழையில் நாற்பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் இருந்தாலும் பீப் அடிக்கும். கணக்கைப் பாருங்கள்: 0.01 ஓம் என்பது சாதாரண மீட்டருக்கு இருப்பதே தெரியாத அளவு. ஆனால் 200 ஆம்பியர் அதன் வழியே போனால் 2 வோல்ட் அங்கேயே தொலையும். பன்னிரண்டில் இரண்டு. அதனால் இணைப்பை அளப்பதென்றால் கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

மீட்டர் இல்லாத இடத்தில், அரிச்சல்முனைச் சாலையில் வண்டி படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜம்ப் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் தூணில் கவ்வி, மறு முனையை எஞ்சினில் கெட்டியான இரும்பில் கவ்வுங்கள். செல்ஃப் இப்போது உற்சாகமாகச் சுற்றினால் எர்த் பாதை போயிருக்கிறது. வீடு வந்து சேரும்வரை அந்தக் கேபிள் அப்படியே இருக்கலாம், விசிறியில் சிக்காமல் கட்டி வையுங்கள்.

சோக் கேபிள் சுடுகிறது, புகைகிறது

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் பழுதுகளிலேயே சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியது இதுதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதனால் எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒரு செப்புப் பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். அது வண்டிக்கு அடியில், சேறும் உப்பும் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. பட்டை அற்றுப்போனால் செல்ஃபின் 200 ஆம்பியர் எஞ்சினிலிருந்து வீடு திரும்ப வேறு வழி தேடும்: சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள். சோக் நாப் சுடுவது, கேபிளின் உறை உருகுவது எல்லாம் அதனால்தான். சோக் கேபிளைப் புதிதாக வாங்கிப் போட்டால் அதுவும் எரியும்.

இங்கே கிளட்ச் வேலைக்கோ கியர்பாக்ஸ் வேலைக்கோ இறக்கிய வண்டிகளில் அந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவது சகஜம். கியர்பாக்ஸ் வேலை முடிந்து வந்த வாரத்தில் செல்ஃப் சோம்பினால் முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். பட்டை பார்வைக்கு முழுசாக இருந்தாலும் பச்சைக் களிம்பு ஏறி, விரலால் அமுக்கினால் உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள். முன்பு தனுஷ்கோடி மணலில், அலைத் தண்ணீரிலேயே ஓட்டிய ஜீப்பை வாங்கியவர்கள் இருந்தால், உங்கள் சேசிஸை எர்த் என்று நம்பவே வேண்டாம். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு நேராக ஒரு கேபிள், பாடிக்குத் தனியாக ஒன்று, இரண்டும் போடுங்கள்.

பழைய ஜீப்புகளில் 6 வோல்ட் வண்டிகளும் உண்டு. அதற்குக் கேபிள் இன்னும் தடிமனாக வேண்டும், அதே சக்திக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். 12 வோல்ட் கேபிளைப் போட்டுவிட்டு வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேபிள் புதுசு போலத்தான் இருக்கிறது, ஆனாலும் வோல்ட் விழுகிறது

இது கடற்கரையின் தனிச் சொத்து. லக்குக்குள் நுழையும் இடத்தில் கேபிளின் உறை கொஞ்சம் விலகியிருக்கும். உப்பு ஈரம் அந்த வாயில் புகுந்து, செப்பு இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிப்போகும். வெளியே உறை கறுப்பாக மினுமினுக்கும். உள்ளே செம்பு கறுத்தும் பச்சை பூத்தும் கிடக்கும். கேபிளை வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ, உள்ளே நறநறவென்றாலோ, செல்ஃப் அடித்தபின் ஓரிடம் மட்டும் சுட்டாலோ, அது முடிந்த கேபிள். முனையில் ஓரங்குலம் நறுக்கிப் புது லக் போடுவதெல்லாம் வீண். நறுக்கிய இடத்திலும் கறுப்பு தெரிந்தால் இன்னும் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கறுத்த செம்பில் ஈயமும் ஒட்டாது.

புதிதாகப் போடும்போது வெள்ளீயம் பூசிய இழைகள் கொண்ட கேபிள் கிடைத்தால் அதை வாங்குங்கள், கடலில் போகும் படகுகளுக்கு ஏற்றது அதுதான். பாம்பனிலோ மண்டபத்திலோ விசைப்படகுகளுக்கு வயரிங் செய்பவர்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள். என்னைக் கேட்டால், பேட்டரிக் கேபிள் விஷயத்தில் டவுன் கார் மெக்கானிக்கைவிடப் படகு எலெக்ட்ரீசியன் சொல்வதைக் கேட்பேன். உப்போடு அவர் நாள்தோறும் மல்லுக்கட்டுகிறார். பெட்ரோல் வண்டிக்கு 25 முதல் 35 சதுர மில்லிமீட்டர் கேபிள், டீசலுக்கு 35 முதல் 50. லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல், லக் நசுக்கும் கருவியால் அழுத்தச் சொல்லுங்கள். கரண்ட் பேனல் வேலை செய்யும் கடைகளில் அது இருக்கும். அழுத்திய இடத்தின் மேல், உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடாக்கினால் வாய் அடைபடும். அந்த வாய் அடைபடுவதுதான் கேபிளின் ஆயுள்.

கேபிளின் உறையைச் சீவி, வெறும் இழையை ஒரு பட்டையின் கீழ் இரண்டு போல்ட்டால் இறுக்கும் கிளாம்ப் ஒன்று கடைகளில் விற்கிறது. அவசரத்துக்கு மட்டும்.

டெர்மினலில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கிறது

எர்த்தை முதலில் கழற்றி, பிறகு மற்றதையும் கழற்றுங்கள். பேட்டரி மூடிகள் இறுக மூடியிருக்கின்றனவா பாருங்கள். சோடா உள்ளே விழுந்தால் அமிலம் கெடும். ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். நுரை அடங்கும்வரை ஊற்றி, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல தெருக்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கழுவினால் பூத்ததை எடுத்துவிட்டு உப்பைப் பூசுகிறோம். காசு கொடுத்து வாங்கும் குடத்துத் தண்ணீரில் ஒரு செம்பு செலவானால் பரவாயில்லை.

காய்ந்த பிறகு தூணையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேயுங்கள். ஈயம் பளபளவென்று தெரிய வேண்டும். சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் இன்னும் படலம் இருக்கிறது. கிளாம்பை அடிவரை இறக்கி இறுக்குங்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். வேசலின் பூசுவது இதற்கெல்லாம் பிறகு, வெளிப்புறத்தில். தொடும் பரப்புகளை முழுசாகச் சுத்தம் செய்து இறுக்கிய பிறகு, காற்று புகாதபடி தாராளமாகப் பூசுங்கள். அழுக்கின் மேல் கிரீஸ் அப்புவது அழுக்கைப் பத்திரப்படுத்துவதுதான்.

பூப்பது ஓயவே இல்லை என்றால் தூணின் அடியில் அமிலம் கசிகிறது, அல்லது வண்டி பேட்டரிக்கு அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றுகிறது.

ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் பேட்டரி இறங்கிவிட்டது

முதலில் பேட்டரியின் மேற்பரப்பு. மீட்டரின் ஒரு முனையை ஒரு தூணிலும், மறு முனையைப் பிளாஸ்டிக் மூடியின் மேலும் வைத்து நகர்த்திப் பாருங்கள். வோல்ட் காட்டினால், உப்பும் அமிலமும் தூசியும் கலந்த ஈரத்தின் வழியே ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குக் கரண்ட் கசிகிறது. சோடாத் தண்ணீர்த் துணியால் துடைத்து, நல்ல தண்ணீரால் துடைத்தால் தீர்ந்தது.

அடுத்து வண்டிக்குள் கசிவு. எல்லாவற்றையும் அணைத்து, எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் தூணுக்கும் நடுவே டெஸ்ட் லேம்பைப் பிடியுங்கள். பல்ப் எரியக் கூடாது. எரியவில்லை என்றால் மீட்டரை ஆம்பியரில் வைத்து அதே இடத்தில் பிடியுங்கள். இப்படி மீட்டர் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். கடிகாரமும் ரேடியோவும் இல்லாத பழைய வண்டியில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் இருக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது குறைகிறது என்று பாருங்கள். டிக்கி விளக்கு, கிளவ் பாக்ஸ் விளக்கு, எப்போதோ யாரோ போட்ட ஏர்ஹாரன் ஒயர், எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். ஒரு ஆம்பியர் கசிந்தால் 50 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் காலி.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டைனமோ வைத்த பழைய வண்டி என்றால், டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கட்-அவுட்டைத் தனியாகக் கவனியுங்கள். எஞ்சினை நிறுத்தியதும் அதன் தொடுமுனைகள் விலக வேண்டும். ஒட்டிக்கொண்டால் பேட்டரி டைனமோவை மோட்டாராகச் சுற்றப் பார்க்கும். எஞ்சின் நின்ற பிறகும் டைனமோ சூடேறிக்கொண்டே போனால் உடனே எர்த்தைக் கழற்றிவிடுங்கள். அது தீப்பிடிக்கும் விஷயம்.

ஓடும்போது சார்ஜ் ஏறவில்லை

எஞ்சின் ஓடும்போது பேட்டரித் தூண்களில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் நல்லது. 15ஐத் தாண்டினால் பேட்டரி கொதித்துத் தண்ணீர் குறையும். 12.5லேயே நின்றால் ஏறவில்லை. ஃபேன் பெல்ட்டை முதலில் அழுத்திப் பாருங்கள், அப்புறம் ஒயர்கள், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டி கடைசியில். ரெகுலேட்டரின் எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் அது தப்பான வோல்ட்டை வைத்துக் கணக்குப் போடும், ஏற்றமும் தாறுமாறாகும். ரெகுலேட்டரை மாற்றும் முன் அந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றித் தேய்த்துப் பாருங்கள்.

டைனமோ ஐடிலில் சார்ஜ் ஏற்றாது. சிவப்பு விளக்கு லேசாக மினுக்குவது அதன் இயல்பு, பழுது இல்லை. பழைய லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும். அதில் 100/90 வாட் ஹாலஜன் பல்ப் இரண்டைப் போட்டால் ஹை பீமுக்கு மட்டும் 16 ஆம்பியருக்கு மேல் போய்விடும். இக்னிஷனுக்கும் பேட்டரிக்கும் மிச்சம் என்ன இருக்கும்? ராத்திரி இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போய்ச் சேர்வதற்குள் பேட்டரி இறங்குகிறது என்று புலம்புபவர்கள் பல்பை முதலில் பார்க்கட்டும்.

லைட் விசித்திரமாக நடந்துகொள்கிறது

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. பின் விளக்கின் எர்த் போய்விட்டது. கரண்ட் பக்கத்து பல்ப் வழியே திரும்புகிறது. விளக்கைக் கழற்றி, பாடியைத் தொடும் ஸ்க்ரூவைச் சுத்தம் செய்யுங்கள். அதைவிட நல்லது, விளக்கிலிருந்து தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்துவிடுவது.

ஒரு ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக எரிந்தாலும் இதே கதை. இரண்டும் மஞ்சளாக இருந்தால் ஸ்விட்ச் அல்லது டிப்பர் தொடுமுனை. ரிலே போட்டுவிடுங்கள், ஸ்விட்சும் பிழைக்கும், வெளிச்சமும் கூடும். பத்மினியில் இருக்கும் இரு முனையும் கூரான ஃபியூஸ்கள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் முனையிலும் அதைப் பிடிக்கும் பித்தளை நாக்கிலும் களிம்பு ஏறியிருக்கும். விரலால் உருட்டினால் விளக்கு வருகிறதா? தேய்த்து, நாக்கைச் சற்று உள்ளே வளைத்து மாட்டுங்கள். எரிந்த ஃபியூஸுக்குச் சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வயரிங் எரியும்போது அது வேடிக்கை பார்க்கும்.

யாரிடமாவது கரண்ட் கடன் வாங்கும்போது

இன்னொரு காரிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது கடைசி முனையைப் படுத்துவிட்ட பேட்டரியில் கவ்வாமல், அதிலிருந்து தள்ளி எஞ்சின் இரும்பில் கவ்வுங்கள். தீப்பொறி ஹைட்ரஜனிடமிருந்து விலகியிருக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டியும் நெகட்டிவ் எர்த் வண்டியும் ஒன்றையொன்று உரசக்கூட விடாதீர்கள். லாரிக்காரர் மனமிரங்கி உதவ வந்தால் அவரது வண்டி 24 வோல்ட்டா என்று கேளுங்கள். இரண்டு பேட்டரியைத் தொடராக வைத்திருப்பார். இரண்டையும் சேர்த்து எடுத்தால் உங்கள் பல்ப், காயில் எல்லாம் போகும்.

வண்டி மாதக்கணக்கில் நிற்கிறது

கீழக்கரை, தொண்டிப் பக்கம் பல வீடுகளில் கார் இருக்கும், ஓட்டுபவர் வெளிநாட்டில் இருப்பார். வந்து சாவியைத் திருப்பும்போது பேட்டரி மண்ணாகியிருக்கும். ஈய பேட்டரி சும்மா இருந்தாலும் தானாக இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்படும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பழைய நிலைக்கு வராது.

வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதால் பெரிய நன்மை இல்லை. ஐடிலில், குறிப்பாக டைனமோ வண்டியில், செல்ஃப் எடுத்ததைக்கூடத் திருப்பித் தராது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை தானாக நிற்கும் சின்ன சார்ஜரில் ஒரு ராத்திரி போடச் சொல்லுங்கள். காற்றோட்டமான மூலையாக இருக்கட்டும், அடுப்பங்கரை வேண்டாம். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். கிணற்றுத் தண்ணீரின் குளோரைடு தகடுகளைத் தின்னும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கமும் இங்கே வேண்டாம். அந்தச் சுருளில் படிந்த உப்பும் தூசியும் கூடவே வரும்.

கழற்றிய கேபிள் முனைகளை அப்படியே தொங்கவிடாதீர்கள். வேசலின் தடவி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி வையுங்கள். ஊருக்கு வந்ததும் முனைகளைத் துடைத்துத் தேய்த்து, எர்த்தைக் கடைசியாக மாட்டி, சாவியைத் திருப்பும் முன் ஒருமுறை பானெட்டுக்குள் எட்டிப் பாருங்கள். எலி கடித்த ஒயர் இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.